உப்பளத்துக்கு நான் போட்ட பூட்டு

ஒரு மென்பொருளை விற்க வருபவர், "இனிமேல் நீங்கள் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம், எல்லாவற்றையும் நீங்களே செய்துகொள்ளலாம்" என்று சொன்னால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எங்களால் முடியாமல் போனால் உங்களை எங்கே வந்து பிடிப்பது?" அவர் முகம் மாறினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். விற்றவள் நான். மாறிய முகமும் என்னுடையதுதான்.

புதுச்சேரியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கம்பெனிகளில் ஊழியர்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் யாரிடமும் கெஞ்சாமல் தாங்களே புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ள, வேறொரு கம்பெனி தயாரித்த மென்பொருள் ஒன்றை நாங்கள் விற்கிறோம். இரகசியக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், போனுக்கு வரும் ஓடிபி எண்ணைப் போட வேண்டும், கதவு திறந்துவிடும். (திறக்கும் என்றுதான் விளம்பரத்தில் போட்டிருந்தது.) அதைக் கொண்டுபோய் நிறுவி, பயிற்சி கொடுத்துவிட்டு வருவது என் பொறுப்பு.

எனக்கு எதையும் பட்டியல் போட்டுச் செய்துதான் பழக்கம். பல் தேய்ப்பதைக்கூட எழுதி வைத்து, தேய்த்த பிறகு டிக் அடிக்கிற ஆள். இதை வீட்டில் வியாதி என்றார்கள், அலுவலகத்தில் திறமை என்றார்கள். நான் அலுவலகத்தை நம்பினேன்.

மரக்காணத்தில் ஒரு உப்புக் கம்பெனி இந்த மென்பொருளைக் கேட்டபோது, நான் போகிறேன் என்று முதலில் கையைத் தூக்கியதும் நான்தான். அதற்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஒன்று, அது என் சொந்த ஊர். இரண்டு, அங்கே ஆட்களைத் தெரியும், பேசிப் புரியவைப்பது சுலபம். மூன்று, ஊரில் நாலு பேர் முன்னால் கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டலாம். மூன்றாவதை மட்டும் எழுதவில்லை.

அந்த நாலு பேரில் முதல் ஆள் மல்லிகா அத்தை. அப்பாவின் தங்கை. அவரும் மாமாவும் அந்தக் கம்பெனியிடம் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறார்கள். வாரிய உப்பைக் கரைமேல் அம்பாரமாகக் குவித்துக் கீற்று போட்டு மூடி வைப்பார்கள். கம்பெனி லாரி வருகிற நாளில் கீற்றை எடுத்துவிட்டு ஏற்றி அனுப்ப வேண்டும். ஏற்றும்வரை அந்த வருடத்து உழைப்பு முழுவதும் வெட்டவெளியில், வானத்தின் தயவில் இருக்கும். ஒரு நல்ல மழை போதும், எல்லாம் வந்த வழியே உப்பங்கழிக்குள் போய்விடும்.

நான் போவதற்கு முன் அந்தக் கம்பெனியில் இருந்த பாதுகாப்பு ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். உப்பு ஏற்றிய லாரி 'வே பிரிட்ஜ்' மேடையில் ஏறி நிற்கும். பக்கத்து அறையிலிருக்கும் கம்ப்யூட்டர் எடையைப் பிடித்து ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கும். சீட்டைக் காட்டினால் கேட்டில் ஏழுமலை அண்ணன் சங்கிலியை அவிழ்ப்பார். அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு சுவரில் சுண்ணாம்பால் பெரிதாக எழுதியிருந்தது. ஆபீஸ் முழுவதற்கும் அது ஒன்றுதான். லாரி டிரைவர்களுக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும். எழுதியதிலிருந்து யாரும் அதை மறந்ததில்லை.

நான் பதறிப்போனேன். ஈரத்துணி வாங்கி, என் கையாலேயே துடைத்தேன். துடைத்ததைப் போட்டோ எடுத்து 'முன்பு – பின்பு' என்று ஸ்லைடும் போட்டேன்.

அடுத்து இரகசியக் கேள்விகள். மென்பொருளோடு வந்த கேள்விகள் வேறு ஏதோ தேசத்து ஆட்களுக்கானவை. உங்கள் முதல் கார் எது, உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன, கல்யாணத்துக்கு முன் உங்கள் அம்மாவின் குடும்பப் பெயர் என்ன. வே பிரிட்ஜ் குமாஸ்தா தணிகாசலம் அண்ணன் வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"மேடம், காருன்னா நான் ஏறுன காரா, என் மேல ஏற வந்த காரா?"

"உங்க சொந்தக் கார்ண்ணே."

"அப்ப 'இல்ல'ன்னு போட்டுக்கறேன். நாய்க்கும் 'இல்ல'. அம்மாவுக்கு ஏதுங்க குடும்பப் பேரு, அதுக்கும் 'இல்ல'. சுளுவா ஞாபகம் இருக்கும்."

கூடாது என்று சொல்லி, நானே மண்ணுக்கேற்ற கேள்விகளை எழுதினேன். உங்கள் தாயார் பிறந்த ஊர் எது? முதலில் படித்த பள்ளி எது? குலதெய்வம் எது? எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த ஆபீஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், பங்காளி. பெண் எடுப்பதெல்லாம் பக்கத்து ஊரான அனுமந்தையில். இருப்பது ஒரே பள்ளி. கும்பிடுவது ஒரே அம்மன். ஆகவே அத்தனை பேரின் இரகசியமும் ஒரே இரகசியம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது உறைக்கவில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் காது சூடாகிறது.

போன் நம்பர் விஷயத்திலும் அப்படித்தான். உப்புத் தண்ணீரில் போன் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று பாதிப் பேர் போனைக் கொண்டுவருவதே இல்லை. எல்லோரும் ஆபீஸ் ஆணியில் தொங்கும் ஒரே செல்போனின் நம்பரைக் கொடுத்தார்கள். கவனித்தேன். 'பிறகு சரிசெய்ய வேண்டியவை' பட்டியலில் சேர்த்தேன். அந்தப் பட்டியலை அதற்குப் பிறகு நான் திறக்கவில்லை.

கடைசியாக, அந்த மென்பொருளில் ஒரு சந்தேகக் குணம் உண்டு. ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரிப் பதில்கள் வந்தால் யாரோ திருடன் நுழைகிறான் என்று முடிவுசெய்யும். எவ்வளவு சந்தேகப்பட வேண்டும் என்பதை நாமே ஏற்றி இறக்கலாம். நான் கடைசிவரை ஏற்றி வைத்தேன். 'உப்புக் கம்பெனியில் எவன் வந்து திருடப்போறான்' என்று தணிகாசலம் அண்ணன் கேட்டதற்கு, "அப்படி நெனைக்கிற எடத்துலதான்ணே வருவான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். (அந்த வாக்கியத்தை வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தேன்.)

ஒரு மாதம் எந்தப் புகாரும் வரவில்லை. உப்புக் கம்பெனி மேனேஜர் சார் போனில் கூப்பிட்டார்.

"ஒரு மாசம் முடியுதும்மா. நம்ம ஊருப் பொண்ணு. ஒரு பொன்னாடை போத்தணும்னு ஆசைப்படறோம்."

வேண்டாம் சார் என்றேன். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்றும் கேட்டேன்.

ஆவணி மாதம். காலையில் நல்ல வெயில். அன்று அத்தையின் உப்பு ஏறுகிற நாளும்கூட. அம்பாரத்தின் மேலிருந்த கீற்றையெல்லாம் எடுத்து ஓரமாக அடுக்கிவிட்டு, லாரி வரட்டும் என்று காத்திருந்தார்கள். அதற்கிடையில் அத்தை ஒரு நல்ல புடவையைச் சுற்றிக்கொண்டு விழாவுக்கு வந்துவிட்டார். உப்பு அள்ளும் பெண்களையும் கூட்டிவந்திருந்தார்.

"பாத்துக்கோங்கடி, எங்கண்ணன் பொண்ணு. கம்ப்யூட்டருக்கே பூட்டு போடறவ."

மேனேஜர் சார் பேசினார், நானும் பேசினேன். "இனி யாரும் யாரையும் சார்ந்திருக்க வேண்டாம்" என்று நான் சொன்னபோது அத்தைதான் முதலில் கை தட்டினார். பொன்னாடை போர்த்தினார்கள், சிவப்பு, ஜரிகை போட்டது. போட்டோவுக்கு நிற்கும்போது தணிகாசலம் அண்ணன் கதவருகே வந்து கையைப் பிசைந்தார்.

"மேடம்... அது தொறக்க மாட்டேங்குது."

"பாஸ்வேர்ட் மறந்துட்டீங்களா?"

"மறக்கலங்க. காலாவதி ஆயிடுச்சாம்."

அப்போதுகூட எனக்கு பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. "நல்லதாப் போச்சு. எல்லாரும் வாங்க, நேர்லயே காட்டறேன்" என்று பொன்னாடையோடு முன்னால் நடந்தேன். பின்னால் மொத்தக் கூட்டமும் வந்தது.

மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்பது நான் வைத்த விதி. எல்லோருடைய பாஸ்வேர்டையும் ஒரே காலையில் உண்டாக்கியதும் நான். ஒரே காலையில் பிறந்தவை ஒரே காலையில்தான் சாகும் என்று நான் யோசிக்கவில்லை. மேனேஜர் சார் ஒரு மாத நிறைவு விழாவை வைத்த அன்றே, அந்த உப்பளத்தின் அத்தனை பாஸ்வேர்டும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருந்தன.

திரையில் பணிவாக ஒரு வாசகம் இருந்தது. புதிய பாஸ்வேர்டு வைத்துக்கொள்ள சுயசேவைப் பக்கத்துக்குச் செல்லவும். அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டுமானால் கம்ப்யூட்டருக்குள் போக வேண்டும். கம்ப்யூட்டருக்குள் போகப் பாஸ்வேர்டு வேண்டும்.

தணிகாசலம் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்களா மேடம்?"

"இல்லண்ணே. வேற வழி இருக்கு" என்று என் லேப்டாப்பை எடுத்தேன். ஆபீஸ் இணைய இணைப்பில் சுயசேவைப் பக்கம் திறந்தது. அவரை உட்காரவைத்தேன். தாயார் பிறந்த ஊர், பள்ளி, குலதெய்வம் எல்லாம் சரி. ஓடிபி அனுப்பியாயிற்று என்றது. ஆணியில் தொங்கிய போனுக்கு அறைக்குள் சிக்னல் இல்லை. யாரோ அதை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார்கள். எண்ணோடு திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி கேட்டோம். அதற்குள் கணக்குப் பிள்ளைக்கும் அவசரம், ஸ்டோர்காரருக்கும் அவசரம். நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று ஆளுக்கொரு பிரவுசர் சன்னலைத் திறந்து அதே லேப்டாப்பில் எல்லோரையும் போடச் சொன்னேன்.

படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "மேடம், நெறைய நம்பர் வந்துருக்குது! எது யாருது?"

யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் அனுமந்தை, அத்தனை பேருக்கும் அதே பள்ளி, அதே அம்மன். திரை ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிவப்பாக மாறியது.

'தாக்குதல் கண்டறியப்பட்டது. உங்கள் பாதுகாப்புக்காக இந்தக் கிளையின் எல்லாக் கணக்குகளும் பூட்டப்பட்டுள்ளன.'

மேனேஜர் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "தாக்குதலா? யாரும்மா தாக்குறது?"

"நாமதான் சார்."

"யார?"

"நம்மளதான் சார்."

நிர்வாகி என்ற முறையில் எனக்கென்று தனிக் கணக்கு உண்டு. அதில் நுழைந்தால் எல்லாப் பூட்டையும் எடுத்துவிடலாம். நுழைந்தேன். திருடர்கள் உட்கார்ந்திருந்த அதே லேப்டாப்பிலிருந்து வந்த என்னையும் திருடி என்று முடிவுசெய்து அதையும் பூட்டிவிட்டது.

"மேடம், லாரி..." என்றார் தணிகாசலம் அண்ணன்.

எடைமேடையில் உப்பு ஏற்றிய ஒரு லாரி நின்றது. சீட்டு இல்லாமல் அது நகர முடியாது. அது நகராமல், கேட்டுக்கு வெளியே நின்ற காலி லாரி உள்ளே வர முடியாது, அந்தக் கரைப்பாதையில் இரண்டு லாரிகள் ஒதுங்க இடமில்லை. அந்தக் காலி லாரி அத்தையின் உப்புக்கு வந்தது. திண்டிவனம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தார்கள். அத்தை மட்டும் என்னைப் பார்த்தார்.

"பயப்படாத நிவி. நீ போட்ட பூட்டுதான, நீயே தொறந்துடுவ" என்றார்.

மென்பொருளைத் தயாரித்த கம்பெனிக்கு ஓர் உதவி மையம் உண்டு. அவர்கள் நினைத்தால் என் கணக்கைத் திறக்கலாம். என் போனில் சிக்னல் இல்லை. ஆணிப் போனில் மெசேஜ் வரும், வெளியே பேசக் காசு போடவில்லை. அத்தையின் போனில், அத்தையின் அம்பாரத்தின் பக்கத்தில் கரைமேல் நின்றால் மட்டும் வரும் என்றார்கள். நான் லேப்டாப்பை இடுக்கிக்கொண்டேன், எல்லோரும் கரைக்கு நடந்தோம். பொன்னாடையைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அத்தையின் போனில் காதில் வைத்துப் பேசும் பகுதி உப்பேறிப் போயிருந்தது. ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும். அதுவும் ஊருக்கே கேட்கிற மாதிரி.

மறுமுனையில் ஒரு இளைஞர் பேசினார். ரொம்ப மரியாதை.

"வணக்கம் மேடம். உங்க கணக்கத் திறக்கறதுக்கு முன்னாடி நீங்கதானான்னு சரிபார்க்கணும். நிர்வாகியா நீங்களே எழுதி வெச்ச ஒரு கேள்வி இருக்கு. படிக்கட்டுமா?"

அது எந்தக் கேள்வி என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"வேற கேள்வி இல்லையா?"

"இது ஒண்ணுதான் மேடம். 'எதைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்வேன்?'"

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும். நிர்வாகிகள் தங்கள் கேள்வியைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும், யாருமே ஊகிக்க முடியாத பதிலாக இருக்க வேண்டும் என்பது அந்த மென்பொருளின் விதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த மயக்கத்தில் அதை எழுதினேன். பதிலாக 'சுறாப் புட்டு' என்று போட்டேன். சுறாவை வேகவைத்து உதிர்த்து, வெங்காயம் மிளகாய் போட்டுக் கிளறுவது. எங்கள் பக்கத்தில் விருந்தாளி வந்தால் அதுதான். பக்கத்தில் ஒரு பட்டை சிவப்பாக எரிந்தது. 'பலவீனமான பதில்.' 'அத்தை செய்யும் சுறாப் புட்டு' என்று நீட்டினேன். மஞ்சள். 'இன்னும் முயற்சிக்கலாம்.' அது கேட்கக் கேட்க நான் கொடுத்துக்கொண்டே போனேன். கடைசியில் 'மல்லிகா அத்தை செய்யும் உப்பே போடாத சுறாப் புட்டு' என்றதும் பச்சை எரிந்தது. 'மிக வலுவான பதில். பாராட்டுகள்!' என்றது. பாராட்டுக்கு நான் எப்போதுமே அடிமை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"சுறாப் புட்டு" என்றேன், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில்.

"காத்து அடிக்குது மேடம், கேக்கல."

"சுறாப் புட்டு."

"அது இருக்குங்க மேடம். ஆனா முழுசா இல்ல. முன்னாடி இன்னும் இருக்கு."

"உங்களுக்கு என் பதில் தெரியுதா? அது யாருக்குமே தெரியக்கூடாதே!"

"திரையில அப்படியே தெரியுது மேடம். ஆனா நான் சொல்லக்கூடாது. நீங்கதான் சொல்லணும்."

இதுவும் அந்த மென்பொருளின் குறைகளில் ஒன்று என்று மனது தன்னால் ஒரு பட்டியலில் சேர்த்தது. அந்த நிலையிலும்.

"அத்தை செய்யும் சுறாப் புட்டு."

கூடையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் கேட்டாள். "ஏ மல்லிகா, இவளுக்கு எத்தினி அத்த?"

"நான் ஒருத்திதான்" என்றார் அத்தை.

"நெருங்கிட்டீங்க மேடம்" என்றது போன். "அத்தை பேரும், புட்டு எப்படிப்பட்டதுங்கறதும் வேணும்."

நான் போனைப் பார்த்தேன். பொன்னாடையின் ஜரிகையைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்தேன். குளிர்ந்த காற்று ஒன்று வந்து போனது. அத்தையின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவர் குரல்தான் வந்தது.

"இன்னாடி வாயப் பொத்திக்கினு நிக்கிற? மழ வந்துடப்போவுது. சத்தமா சொல்லு, அந்தத் தம்பிக்குக் கேக்கட்டும்."

சொன்னேன். மரக்காணம் உப்பளத்தின் நடுக்கரையில், இடுப்பளவு உப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மல்லிகா அத்தை செய்யும் உப்பே போடாத சுறாப் புட்டு!" என்று கத்தினேன்.

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். உப்பிலேயே விழுந்து உப்பிலேயே எழுந்திருக்கும் வீட்டில் புட்டில் உப்பு இல்லை என்றால் சிரிக்க மாட்டார்களா? அத்தை சிரிக்கவில்லை. என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"தம்பி, நான்தான் அந்த மல்லிகா. அவ சொல்றது நெசம்தான். நான் உப்பு போடறதில்ல. எங்க வூட்டுக்காரருக்கு பிரஷரு ஏறிக் கெடக்குது, உப்பத் தொடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அவரு மட்டும் தனியா சப்புன்னு தின்னா மனசு கேக்குமா? அதான் எல்லாருக்கும் அப்புடியே செய்யறது. போதுமா? தொறந்து வுடுப்பா, எங்க உப்பு நனையப்போவுது."

எனக்கு மாமாவின் பிரஷரைப் பற்றித் தெரியாது. வாரா வாரம் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை.

"மேடம்" என்றார் அந்த இளைஞர். குரல் இறங்கியிருந்தது. "பதில் சரிதான். ஆனா இப்போ அது மூணாவது ஆளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி அத ஏத்துக்க முடியாது. கணக்கு முழுசா முடக்கப்படும். எழுத்துமூலமா விண்ணப்பம் கொடுத்தா ரெண்டு வேலைநாள்ல..."

"இது எந்த விதி?" என்று கத்தினேன்.

"விருப்பப்பட்டா வெச்சுக்கற விதி மேடம். நீங்க ஆன் பண்ணி வெச்சிருக்கீங்க."

முதல் துளி லேப்டாப் மூடிமேல் விழுந்தது.

கேட்டை நோக்கி ஓடினேன். சீட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், லாரியை விடுங்கள் என்றேன். ஏழுமலை அண்ணன் சங்கிலியைப் பிடித்தபடி நின்றார்.

"கம்ப்யூட்டர் சீட்டு இல்லாம கடவுளே வந்தாலும் வுடாதன்னு நீங்கதான மேடம் டிரைனிங்ல சொன்னீங்க?"

"ஆமாண்ணே. சொன்னேன்."

"எனக்கு சர்டிபிகேட்டு வேற குடுத்தீங்க."

"தப்புண்ணே. நான் சொன்னது தப்பு. நான் வெச்சது எல்லாமே தப்பு. தொறங்கண்ணே."

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தலையாட்டினார். "மேட மீட்டர்ல தெரியற எடைய ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்து அனுப்பு தணிகாசலம்" என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் இருந்ததால் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பெண் ஒருத்தி பொன்னாடையோடு நிற்கும்போது யார்தான் பென்சிலை எடுப்பார்கள்?

மேடையில் நின்ற லாரி போனது. காலி லாரி அத்தையின் அம்பாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துவிட்டது. பாதிகூட ஏறவில்லை. பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டுக் கீற்றுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். கீற்றை எப்படி அடுக்குவது என்று தெரியாமல் தலைகீழாக வைத்தேன். ஒருத்தி என்னைத் தள்ளிவிட்டுத் திருப்பி வைத்தாள். அம்பாரத்தின் ஓரம் என் கண்ணெதிரிலேயே வழுக்கிக்கொண்டு இறங்கியது. காலடியில் ஓடிய தண்ணீர் வெள்ளையாக இருந்தது. அத்தை இரண்டு கையாலும் அதை அணைத்து அணைத்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தார், நிற்காது என்று தெரிந்தும். நல்ல புடவை முழங்காலுக்கு மேல் ஏறிக் கிடந்தது.

மழை விட்டபோது அம்பாரம் இருந்தது. ஆனால் காலையில் பார்த்த அம்பாரம் இல்லை. மாமா கரைமேல் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அத்தையிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். முதல் வார்த்தை வருவதற்குள் அழுகை வந்துவிட்டது.

"உப்பு போச்சுன்னா அடுத்த வருசம் வெளையும்" என்றார் அத்தை, புடவையைப் பிழிந்துகொண்டே. "நல்லாருக்குது அத்த, நல்லாருக்குது அத்தன்னு ரெண்டாந்தடவ கேட்டு வாங்கித் தின்னியே. அத நெனச்சாத்தான்டி எனக்கு ஆறல."



அலுவலகத்தில் அந்த மென்பொருளின் குறைகளைப் பற்றி நீளமான அறிக்கை ஒன்று எழுதினேன். எழுதியதெல்லாம் நியாயமான குறைகள்தான். தயாரித்தவர்கள் நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள். உப்புக் கம்பெனி ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. மேனேஜர் சார் மட்டும் ஒருநாள் போனில், "பொன்னாடையத் திருப்பித் தர வேணாம்மா, வெச்சுக்க" என்றார். கிண்டலா கருணையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த ஞாயிறு நான் அத்தை வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. அப்புறம் பொம்மையார்பாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து வந்தது, தப்பிக்க முடியவில்லை. பந்தியில் ஓரமாக உட்கார்ந்தேன். அத்தை வாளியோடு வரிசையாக வைத்துக்கொண்டு வந்தார். சுறாப் புட்டுதான். என் இலை வந்ததும் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பந்தி முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

"இந்த இலை லாக்கு ஆயிருக்குது. கேள்விக்கு பதில் சொன்னாத்தான் தொறக்கும். என் புட்டு எப்புடி இருக்கும்?"

பந்தி முழுவதும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பியது. எங்கள் வீட்டில் இந்தக் கதை பரவுவதற்கு ஓடிபி தேவைப்படவில்லை.

"உப்பு இருக்காது அத்தை" என்றேன்.

"சத்தமா. கேக்கல."

"உப்பே இருக்காது அத்தை!"

"ம். தொறந்துடுச்சு" என்று இரண்டு கரண்டி வைத்தார். மாமா எதிர்வரிசையில் விக்கி விக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் இதுதான் நடைமுறை. கல்யாண வீட்டில், ஆடிக் கூழ் ஊற்றும் நாளில், என் அலுவலகத் தோழிகளைக் கூட்டிக்கொண்டு போன அன்றும்கூட. என் வருங்காலக் கணவர் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, கேசரிக்கு நடுவில் அவர் அம்மாவே "அந்தக் கேள்வி கேப்பாங்களாமே, கேளுங்களேன்" என்று ஆரம்பித்துவைத்தார். நான் உரக்கப் பதில் சொல்ல வேண்டும், இலையில் இரண்டு கரண்டி விழும், அதை மீதம் வைக்காமல் தின்ன வேண்டும்.

பதில் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் இதுவரை சோதித்துப் பார்க்கவில்லை.